ஆல்பம் பாட்டுக்கு விருது விழா நடத்தப் போகிறவர்களுக்கு, கும்பகோணத்திலிருந்து

போன ஆடியில் கும்பகோணத்தில் ஒரு விருது விழா நடத்தினேன். சினிமாப் பாட்டுக்கு இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் சொந்தமாக எழுதி, பாடி, வாய்க்கால் மதகிலும் ரயில்வே கேட்டிலும் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்களே, அந்த ஆல்பம் பாட்டுகளுக்கு. உள்ளூர் கேபிள் சேனலிலும் யூடியூபிலும் ஒரே நேரத்தில் நேரலை என்று சொல்லித்தான் ஸ்பான்சர் பிடித்தேன். விழா தொடங்கிய 23-ஆவது நிமிடத்தில் இரண்டும் ஒன்றாக நின்றுபோயின. அன்று ராத்திரி மண்டபத்துப் பின்வாசலில் உட்கார்ந்து அழுதேன். இதை முன்கூட்டி எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

இந்த மாதிரி விழாவுக்கு எல்லாரும் பார்க்கிற முன்மாதிரி, அமெரிக்க இசைச் சேனலான எம்டிவியின் வீடியோ மியூசிக் விருதுகள்தான். 1981-இல் தொடங்கிய அந்த சேனல், 1984 செப்டம்பர் 14 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் முதல் விழாவை நடத்தியது. பழைய விழாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது மேடையையும் விளக்கையும். கவனித்திருக்க வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்று, போட்டியில் இருக்கும் வீடியோக்களை அவர்கள் முழுசாக ஓட்டுவதில்லை. சில விநாடித் துண்டுகள்தான். இரண்டு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடன அமைப்பு, கலை இயக்கம் என்று கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தனித்தனி விருது உண்டு. இந்த இரண்டையும் நான் கோட்டை விட்டதில்தான் பாதி சிக்கல் ஆரம்பித்தது.

முதலில் நேரக் கணக்கு. எட்டுப் பிரிவு, பிரிவுக்கு நாலு பாட்டு, மொத்தம் 32. ஒரு பாட்டு நாலு நிமிடம் என்றால் 128 நிமிடம் வெறும் வீடியோவுக்கே போய்விடும். அதையே 15 விநாடித் துண்டாக வெட்டினால் எட்டே நிமிடம். பிள்ளைகளின் பாட்டு முழுசாகத் திரையில் வர வேண்டும் என்ற ஆசையில் நான் பிரிவுக்கு ஒரு பாட்டை முழுசாக வைத்தேன். அதுவே 32 நிமிடம் தின்றது. பொன்னாடை போர்த்துவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஒருத்தருக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். பத்துப் பேர் மேடையில் இருந்தால் கால் மணி நேரம் அதற்கே. அதை நேரலை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தேதி விஷயம் டெல்டாவில் தனிக் கலை. ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் கல்யாண மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது, 30,000 ரூபாய். ஆனால் அதே ஆடியில்தான் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழா. மைக் செட், லைட், ஜெனரேட்டர் எல்லாம் அங்கே போய்விடும். மண்டபத்தில் மிச்சம் பிடித்ததை சவுண்டு சர்வீஸில் விட்டேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம், வேண்டவே வேண்டாம். மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் திருவையாறு தியாகராஜர் ஆராதனை சமயத்தில் நல்ல சவுண்டு ஆட்கள் மாட்ட மாட்டார்கள். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சவுண்டு, ஒளிப்பதிவு ஆட்களிடம் தேதி வாங்குங்கள். மண்டபத்துக்குள்ளே ஒலிபெருக்கி வைத்தால் பெரிய தொல்லை இல்லை. வெளியே வாசலில் பெட்டி வைத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே சத்தம் கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: நுழைவுப் படிவம். நான் வாங்கியது பாடகர் பெயர், போன் நம்பர், யூடியூப் லிங்க், 500 ரூபாய் கட்டணம். அவ்வளவுதான். 41 பாட்டு வந்தன. "பாட்டு உங்களுடையதுதானே தம்பி?" என்று போனில் கேட்டேன். "ஆமாண்ணே, தாராளமா போடுங்க" என்றார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு மியூசிக் வீடியோவுக்குள் நாலு தனித்தனி உரிமை இருக்கிறது: பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு, காட்சி. நாலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. வரி எழுதியவரோ இசையமைத்தவரோ ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், மேடையில் ஒலிக்கும் உரிமையை அந்தச் சங்கத்துக்குக் கொடுத்திருப்பார். அவர் வாயால் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் உறுப்பினர் இல்லை. அவர்களுக்கு வரும் சிக்கல் வேறு இரண்டு இடத்திலிருந்து.

ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பாட்டிஃபை, இன்ஸ்டாகிராமில் பாட்டு வர வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு நிறுவனத்துக்குப் பாட்டைக் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போதே யூடியூபின் கன்டென்ட் ஐடி (யாருடைய பாட்டு என்று தானாகவே கண்டுபிடிக்கும் இயந்திரம்) பட்டியலில் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் வரும். டிக் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை வேறு எந்த சேனலில் போட்டாலும் இயந்திரம் பிடிக்கும். பாடினவரே உங்கள் மேடையில் நின்றாலும் பிடிக்கும். இதைத் தவிர்க்க, அந்தப் பாடகர் தன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் உங்கள் சேனலின் முகவரியைக் கொடுத்து விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அங்கிருந்து பதில் வரவே நாளாகும் என்பதால் விழாவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு கேட்டுவிடுங்கள்.

இரண்டு, வாடகை பீட், அதாவது பாட்டுக்குப் பின்னணியாக ஓடும் ஆயத்த இசை. ராப் பாடுகிற பிள்ளைகள் வெப்சைட்டில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு பீட் வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் தனியுரிமை இல்லாத குத்தகை. அதே பீட்டை எங்கேயோ இருக்கிற இன்னொருவரும் வாங்கிப் பாடி, தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் முதலில் பதிந்திருந்தால், நம் பையன் பாட்டுக்கு அவர் பேரில் உரிமைக் கோரல் வரும். பீட் வாங்கிய ரசீதையும் உரிமப் பத்திரத்தையும் படிவத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பத்திரம் இல்லாத பாட்டுக்கு விருது கொடுங்கள், ஆனால் நேரலையில் ஓட்டாதீர்கள். முப்பது விநாடிக்குள் போட்டால் காப்பிரைட் வராது என்று எல்லா ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. அப்படி எந்த விதியும் இல்லை. சில விநாடியைக்கூட இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம், ஆனால் பலரும் மாட்டுவது இதில்தான்: விருதுக்கும் விருதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மைக் செட்காரர் பழக்க தோஷத்தில் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். அவரிடம் உங்கள் பென் டிரைவைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தொடக்கத்தில் மங்கல இசை சிடி போடுவதும் அப்படியே. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், கீர்த்தனைக்கு யார் அனுமதியும் வேண்டாம்; ஆனால் அதை வாசித்துப் பதிந்த நிறுவனத்துக்கு ஒலிப்பதிவின் மேல் 60 வருஷம் உரிமை உண்டு. நம் ஊரில் நாகஸ்வரக்காரர்களுக்கா பஞ்சம்? ஒரு நாகஸ்வரம், ஒரு தவிலை நேரில் வாசிக்க வையுங்கள். சபையும் களை கட்டும்.

அடுத்தது ஃபைல். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை வாங்காதீர்கள். போனில் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு அடி திரையில் முகம் கட்டம் கட்டமாக உடையும். கூகுள் டிரைவில் அசல் ஃபைல் கேளுங்கள்: எம்பி4, ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1920-க்கு 1080, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஐபோனில் எடுத்தது பெரும்பாலும் ஹெச்.265-இல் இருக்கும், பழைய லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடும். போனில் எடுத்த வீடியோ ஒரே வேகத்தில் இருக்காது. ஒரு நேரம் விநாடிக்கு 30 ஃபிரேம், ஒரு நேரம் 27. பாதிக்கு மேல் போகும்போது உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்றாகிவிடும். நம் ஊர் ஒளிபரப்பு 25 ஃபிரேம் கணக்கு. எல்லாவற்றையும் முதலில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றி, பிறகு வெட்டுங்கள். ஒலி அளவையும் சமப்படுத்த வேண்டும். ஒரு பிள்ளை வீட்டில் மிக்ஸ் செய்தது முனகும்; அடுத்தது ஸ்டுடியோவில் மாஸ்டர் செய்து காதைக் கிழிக்கும். எல்லாவற்றையும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் கணக்கு) அளவுக்குக் கொண்டுவந்தால் மிக்ஸரில் கை வைக்கவே தேவை இருக்காது. எல்லாத் துண்டுகளையும், நடுவே ஐந்து விநாடிக் கறுப்புத் திரையோடு, நிகழ்ச்சி வரிசைப்படி 01, 02 என்று எண் போட்டுப் பெயரிடுங்கள். வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஓட்டினால் தொடக்கத்தில் ஃபைல் பெயர் திரையில் எழுத்தாக வரும். அமைப்பில் போய் அதை அணைத்துவிடுங்கள். எங்கள் திரையில் ஒரு பிள்ளையின் பாட்டுக்கு முன்னால் "ஃபைனல் ஃபைனல் 2" என்று ஓடியது. ஒரு வருஷம் உழைத்து எடுத்த பாட்டு அது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்இடி திரை நம் பக்கத்தில் பன்னிரண்டுக்கு எட்டு அடி என்றுதான் வாடகைக்குக் கிடைக்கிறது. வீடியோ 16-க்கு 9. பன்னிரண்டு அடி அகலத்துக்கு உயரம் ஆறே முக்கால் அடிதான் வரும். மீதி ஒன்றேகால் அடியை நிரப்ப வாடகைக்காரர் இழுத்துவிடுவார், எல்லா முகமும் நீளமாகிவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கீழே அந்த இடத்தில் ஸ்பான்சர் பெயர் ஓடட்டும். இன்னொன்று, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் திரை கேமராவில் கோடு கோடாக ஓடும். திரையின் ரெஃப்ரெஷ் அளவு (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) 1920 ஹெர்ட்ஸ் என்றால் இது வர வாய்ப்பு அதிகம், 3840 கேளுங்கள். கேமரா ஷட்டரை விநாடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் விளக்கு மினுக்கலும் அடங்கும், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முதல் நாளே கேமராவைத் திரைக்கு எதிரில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக மிக்ஸருக்கு வயர் கொடுத்தால் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கூடவே வரும். நடுவில் அந்த இரைச்சலை அடக்க டிஐ பாக்ஸ் என்ற சின்னக் கருவியை வையுங்கள். படம் ஸ்விட்சர் (கேமராவையும் வீடியோவையும் மாற்றி மாற்றிக் காட்டும் கருவி), எல்இடி பிராசஸர் (திரைக்குப் படம் கொடுக்கும் கருவி) என்று சுற்றி வருவதால் இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தும், ஒலி முந்தும். ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. மிக்ஸரில் அந்த ஒரு சேனலுக்கு மட்டும் 80-லிருந்து 120 வரை டிலே கொடுத்து, கைதட்டும் காட்சியை ஓட்டிப் பார்த்துச் சரி செய்யலாம். மின்சாரத்துக்கு: சவுண்டையும் எல்இடியையும் தொடக்கத்திலிருந்தே ஜெனரேட்டரில் ஓட்டுங்கள். கரண்ட் போனபின் மாற்றினால் அந்தச் சில விநாடியில் பிராசஸர் அணைந்து, திரும்பி எழ இரண்டு நிமிடம் ஆகும். மேடை விளக்குக்கும் சவுண்டுக்கும் வேறு வேறு ஃபேஸ். லேப்டாப், ஸ்விட்சர், இன்டர்நெட் ரவுட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ்.

நேரலை நின்ற கதை இதுதான். மண்டபத்து இன்டர்நெட்டை முதல் நாள் காலி மண்டபத்தில் சோதித்தோம், சிம் கார்டில் 18 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் ஏறியது. மறுநாள் நானூறு பேர் போனோடு உள்ளே வந்ததும் அது 3-க்கு இறங்கியது. இதைச் சமாளிக்க ஒரு தம்பி வெளியே ஓடி வேறு கம்பெனி சிம் தேடிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் சேனல் நடத்துபவர் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் காப்பிரைட் எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்த லேப்டாப் முன்னால் ஆள் இல்லை. எச்சரிக்கை வந்ததும் பாட்டை நிறுத்தி மேடைக்கு மாறியிருந்தால் தப்பித்திருப்போம். பாட்டு தொடர்ந்து ஓடியது, யூடியூப் நேரலையை முடித்தது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கேபிள் சேனலுக்கு நாங்கள் தனியாகப் படம் அனுப்பவில்லை, அவர்கள் யூடியூப் லிங்கிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று போனதும் இரண்டும் போனது. "அண்ணே, வீட்ல டிவில ஒண்ணுமே வரலையாம்" என்று ஒரு பையனின் அம்மா மேடை ஓரத்தில் வந்து சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

ஆகவே, கேபிளுக்கு ஸ்விட்சரிலிருந்து தனி என்கோடர் (படத்தை அனுப்பத் தோதாக மாற்றும் கருவி) வைத்து அவர்கள் கட்டுப்பாட்டு அறைக்கே நேராக அனுப்புங்கள். மண்டபத்துக்கு ஒரு நாளைக்குத் தற்காலிகமாக ஃபைபர் இழுத்துத் தருகிறீர்களா என்று கேபிள்காரரிடமே கேட்கலாம். யூடியூபுக்கு 720பி-யில் நாலு எம்பிபிஎஸ் போதும். ஆனால் கூட்டத்தோடு சோதிக்கும்போது அதைப் போல இரண்டு மடங்கு ஏற வேண்டும். புது சேனல் என்றால் நேரலை வசதி திறக்கவே 24 மணி நேரம் வரை ஆகும். ஸ்டுடியோ பக்கத்தைப் பார்க்க ஒரு ஆள், அவருக்கு வேறு எந்த வேலையும் கூடாது. எது எப்படிப் போனாலும் ஸ்விட்சரிலும் ஒவ்வொரு கேமராவிலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். எங்களைக் கடைசியில் காப்பாற்றியது அந்தப் பதிவுதான். என்னைக் கேட்டால் முதல் வருஷம் நேரலையே வேண்டாம். பதிந்து, வெட்டி, ஒரு வாரம் கழித்து ஒளிபரப்புங்கள்.

மேடையில் மைக். 2009-இல் எம்டிவி விழாவில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் விருது வாங்கிப் பேசும்போது ராப் பாடகர் கன்யே வெஸ்ட் மேடையேறி மைக்கை வாங்கிப் பேசியது உலகத்துக்கே தெரியும். அவ்வளவு பெரிய விழாவிலேயே நடக்கும். நம் ஊரில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கையில் கொடுக்கும் மைக் ஒன்றே ஒன்று, அதைத் தொகுப்பாளர் கையை விட்டு இறக்கக் கூடாது. விருது வாங்குபவர் ஸ்டாண்டு மைக்கில் பேசட்டும், அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் சவுண்டு அண்ணனிடம் இருக்கட்டும்.

கேடயம் பற்றி. எம்டிவியில் நிலவில் கொடியோடு நிற்கும் விண்வெளி வீரர் சிலை. நமக்கு நம் கைவேலை இருக்கிறது. சுவாமிமலை வெண்கலம் ஆசையாக இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு சிலைக்கும் மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றித்தான் உலோகம் வார்க்கிறார்கள். வார்த்ததும் அச்சை உடைத்துவிட வேண்டும், ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். பன்னிரண்டு சிலைக்கு எங்களிடம் காலமும் இல்லை, காசும் இல்லை. தஞ்சாவூர்க் கலைத்தட்டு, ஒன்று 2,200 ரூபாய் வீதம் 12 வாங்கினோம். அழகாக இருந்தது. ஆனால் 12-தான் வாங்கினோம், அங்கே தப்பு. எட்டுப் பிரிவுக்கு எட்டு, சிறப்பு விருது நாலு. சிறந்த வீடியோ விருதைப் பாடகர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை இயக்கி, படம் பிடித்து, வெட்டிய மன்னார்குடிப் பையன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரைப் படிவத்தில் நான் கேட்கவே இல்லை. விழா முடிந்ததும் வந்து, "அண்ணே, பேரு மட்டும் சொல்லியிருக்கலாம்" என்றான். விழாவில் நஷ்டமான 84,500 ரூபாயைவிட அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம் 30,000, எல்இடி 20,000, சவுண்டும் லைட்டும் 38,000, மூன்று கேமரா, ஸ்விட்சர் ஆட்களோடு 36,000, ஜெனரேட்டர் டீசலோடு 14,000, தட்டு 26,400, சாப்பாடு 18,000, கேபிள் சேனல் நேரம் 15,000, மேளம், பொன்னாடை, பேனர், வண்டி 12,600. ஆகமொத்தம் 2,10,000. நுழைவுக் கட்டணம் 20,500 வந்தது. ஸ்பான்சர்கள் ஒத்துக்கொண்டது 1,60,000. பாதி முன்பணமாக வந்தது. மீதி 80,000-இல் 25,000 மட்டுமே கொடுத்தார்கள். நேரலை என்று எழுதிக் கொடுத்திருந்தேன், நேரலை வரவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் "நேரலை" என்ற சொல்லை எழுதாதீர்கள். "மேடையிலும், ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியிலும் விளம்பரம்" என்று எழுதினால் போதும்.

விழாவுக்குப் பிறகு ஆறு வாரம் உட்கார்ந்து அந்தப் பதிவைச் சரி செய்தேன். புதுப் படிவம் அடித்து 32 பாட்டுக்கும் அனுப்பினேன். வரி, மெட்டு, ஒலிப்பதிவு, காட்சி நாலின் உரிமையும் யாரிடம், பீட் எங்கே வாங்கியது, டிஸ்ட்ரிபியூட்டர் யார், விலக்கு கேட்டாயிற்றா, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடனம், கலை யார் யார், பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும், அடியில் கையெழுத்து. 27 திரும்பி வந்தன. வராத ஐந்து பாட்டை நிழற்படமாக மாற்றினேன். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே எல்லார் பெயரும் வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சியாக வெட்டிக் கொடுத்ததை கேபிள் சேனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டியது. தடங்கல் எதுவும் வரவில்லை. பதின்மூன்றாவதாக ஒரு தட்டு செய்யச் சொல்லி, பெயர் பொறித்து, ஒளிபரப்புக்கு முந்தின நாள் பஸ்ஸில் மன்னார்குடி போய் அந்தப் பையன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.